கடைசி வரிசை

"சந்தைக்குப் போவியா?"

கேட்டுக்கொண்டே கங்கப்பன் கல்லை வீசினான். அது பாறையில் பட்டுச் சிதறியது. சிதறிய துண்டு, பாறையோரம் நின்ற அவன் மனைவி முனிலட்சுமியின் கன்னத்தைக் கீறியது.

"போவன்!" என்றாள் அவள்.

"செத்தாலும் போவியா?" அடுத்த கல் பறந்தது.

"செத்தாலும் போவன்!"

தாலி கட்டிய கை அது. சூளகிரியிலிருந்து குந்தாரப்பள்ளிக்குப் போகும் சாலையோரத்துப் பாறைக்காட்டில், காலை வெயில் ஏறும் வேளையில், அந்தக் கை கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தது. அவள் ஓடலாம், ஓடவில்லை. அவளைக் கட்டிவைத்த கயிறு எதுவும் இல்லை. ஆயினும் பாதங்கள் இரண்டும் தரையில் அறைந்த முளைகளாய் நின்றன. நெற்றியைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. அதிலே உறைந்து கறுத்துப்போன இரத்தம்.

சந்தைக்கு எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்த ராஜப்பன் இந்தக் கொடுமையைக் கண்டான். நிலபுலம் உள்ள குடியானவன், நெஞ்சுரமும் உள்ளவன். எருதுகளைச் சாலையிலேயே விட்டுவிட்டுச் சாட்டையோடு பாறைமீது பாய்ந்தான்.

"டேய்! பொம்பளை மேல கல்லெடுத்துப் போடறியா? நீயெல்லாம் ஆம்பளையாடா?"

முதல் வீச்சில் கங்கப்பனின் முதுகுத்தோல் பிளந்தது. அடுத்த வீச்சு முகத்தில் விழுந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தான்; சாட்டையின் பிடி அந்த வாயிலேயே இறங்கியது. பல்லொன்று தெறித்து, இரத்தத்தோடு பாறையில் உருண்டது.

"அய்யோ, உடுங்க! அவரை உடுங்க!" முனிலட்சுமி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீ நவுரும்மா! நீங்கெல்லாம் பரிஞ்சி பேசிப் பேசித்தான் இவனுங்க இந்த ஆட்டம் ஆடறானுங்க."

கங்கப்பனைக் குப்புறத் தள்ளி, கல்லெறிந்த வலக்கையின் மணிக்கட்டை ராஜப்பன் மிதித்தான். எலும்பு முறியும் ஓசை கேட்டது. கங்கப்பன் துடித்தான். பெண்ணினத்தின் அடிமை விலங்கை உடைக்க எழுந்த கால் அதுவென்று போற்றத் தோன்றும். அத்தனை ஆவேசம் இருந்தது அந்த மிதியில்.

மிதிக்க மறுபடியும் கால் உயர்ந்தபோது, முனிலட்சுமி குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். கணவனை நோக்கி அல்ல, ராஜப்பனின் மார்புக்கு நேராக ஓங்கினாள்.

"இன்னொரு மிதி மிதிச்சீங்க, இது உங்க மேல விழும்! என் மேல எறியச் சொன்னதே நான்தான்!"

உயர்ந்த கால் அப்படியே நின்றது. "எறியச் சொன்னியா? இன்னாம்மா, பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்குதா உனக்கு?"

"பைத்தியம் இல்லீங்க. பழகிக்கறன்."

கல்லைக் கீழே போட்டுவிட்டு, கணவனின் தலையை மடியில் தூக்கி வைத்து, முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள்.

"அப்போ அந்த நெத்திக் காயம்? அதுவும் நீ கேட்டு வாங்குனதுதானா?" ராஜப்பன் ஏளனமாய்க் கேட்டான். அப்போதுதான் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தான்.

"இது போன வாரம் சந்தைக் கூட்டத்துல பட்டதுங்க. ஊர்க் கிணறு எங்க தெருவுக்கும் உண்டுன்னு பேசப் போனன். சட்டம் வந்துடுச்சின்னு சொல்றாங்க. தண்ணிதான் இன்னும் வரல. பேசிக்கிட்டே இருக்கறப்ப கல்லு வந்துச்சு, குனிஞ்சிட்டன். நான் குனிஞ்சதப் பார்த்து, என்னை நம்பி வந்த பொம்பளைங்க அத்தனை பேரும் ஓடிட்டாங்க. இன்னைக்குச் சந்தையிலயும் குனிஞ்சன்னா, இனி ஒருத்தி கூட என் பின்னால குடத்தைத் தூக்கிக்கிட்டு வரமாட்டா."

ராஜப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

மடியில் கிடந்த கங்கப்பன் உடைந்த வாயால் முனகினான்: "இவ பேசி முடிச்சதும் மொத கைதட்டல் என்னுதுன்னு பேசி வெச்சிருந்தோம். ஒரு கைய ஒடிச்சிட்டீங்களே, இப்போ எதை வெச்சிங்க தட்டறது?"

"சும்மா இரு, மாமா. பேசப் பேச ரத்தம் வருது." முனிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையை விழுங்கிய குரல் மேடைக்குரலாய் நிமிர்ந்தது.

"மேடை ஏறறவங்களுக்குப் பழக்கம்தாங்க எல்லாம். காலை ஊனி நிக்கணும். எது வந்தாலும் கண்ணை மூடக்கூடாது. கடைசி வரிசைல ஒரே ஒரு முகத்தைப் புடிச்சிக்கிட்டு, அந்த முகத்துக்கிட்ட பேசற மாதிரியே பேசணும். கண்ணு மூடாம இருக்கறதுக்குத்தான் இன்னைக்குப் பழகினோம். முகத்தைப் புடிக்கற பழக்கம் எனக்குப் போன வாரமே வந்துடுச்சி."

ராஜப்பன் சாட்டையைச் சுருட்டினான். "எருதுங்க ரோட்டுல நிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே பாறையை விட்டு இறங்கத் திரும்பினான்.

அவள் கண் இமைக்கவில்லை.

"போன வாரம் நான் புடிச்ச முகம் உங்களுது, மொதக் கல்லும் உங்களுது, அண்ணா!"