நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

எச்.ஐ.வி. நோயாளிகளைக் கவனிக்கப் பழகுவதற்காகக் கீழக்குளம் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு பேசும் பொம்மையைக் கொடுத்திருந்தார்கள். செவிலியர் எஸ்தர் தினமும் அதன் நெற்றியைத் தடவி, வெறுங்கையால் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்பாள். பொம்மை கண் கலங்கி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று மதிப்பெண் சொல்லும்.

மாதாமாதம் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வரும் தவமணி, வாசல் பெஞ்சிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் முறை வந்ததும் எஸ்தர் கைக்கு இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, டப்பாவை மேசைமேல் தள்ளிவிடுவாள்.

இந்த மாதம் பொம்மை பழுதாகிக் கிடந்தது.

"அதுக்குப் பதிலா நான் படுத்துக்கிடட்டுமா சிஸ்டர்?" என்று தவமணி கையை நீட்டினாள்.

எஸ்தர் சிரித்தாள். "நீங்க படுத்தா மார்க் யாரு போடுவாக்கா?"

"நானே போட்டுர்றேன். நூத்துக்கு நூறு."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. எஸ்தர் கையுறைப் பெட்டியைத் தேடினாள்.