முப்பத்தொன்றாம் பக்கம்

பத்திரிகைக்கு விளம்பரம் கேட்டு வந்தவள் சொன்ன எண்ணை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

நாற்பத்திரண்டாயிரம் பிரதி. போன வருஷம் பதினெட்டாயிரம்.

அவள் நீட்டிய, ஆடிட்டர் முத்திரை குத்திய தாளின்மேல் மூக்குப்பொடி டப்பியை வைத்தார்.

விருதுநகரில் முப்பது வருஷமாகப் பெருங்காயம் விற்பவர். டப்பாவின்மேல் அச்சடித்திருப்பதை நம்பி இதுவரை எதையும் வாங்கியதில்லை.

அவர் கடையில் பேரம் படிந்தால்தான் டீ வரும். ஒரு மணி நேரமாக அவளுக்குத் தண்ணீர்தான்.

இருபது ரூபாய்க்கு விற்கும் 'மஞ்சக்கிழங்கு' பத்திரிகையை அச்சடிக்க முப்பது ஆகிறது. விற்க விற்க நஷ்டம். விளம்பரம் வந்து தூக்கிப் பிடிக்காவிட்டால், வாசகர்கள் அன்பாலேயே கொன்றுவிடுவார்கள்.

இவர் கையெழுத்து இல்லாவிட்டால் தை இதழ் கிடையாது என்று பத்திரிகை முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

பின் அட்டை, ஒரு வருஷத்துக்கு, பாதி விலை. எழுதிய சீட்டை மேஜையில் வைத்தாள்.

அதையும் அவர் பார்க்கவில்லை. காலடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கவிழ்த்தார். பழைய பேப்பர் கடையில் வாங்கியது. எல்லாம் போன மாதப் பெண்கள் பத்திரிகைகள்.

வேறு இரண்டு பத்திரிகைகளின் பிரதிகள் முழங்கால் உயரம் குவிந்தன. கட்டின சணல் தடம்கூட அழியவில்லை. விற்காமல் திரும்பியவை.

"இவனுங்களும் லட்சம்னுதான் சொன்னானுங்க, தாயி."

அவளுடைய பத்திரிகை ஏழே ஏழு.

அட்டை கிழிந்திருந்தது. மசாலாக் கறை. அட்டைப்பட நடிகைக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

அவர் புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கம் இல்லை. கத்தரியால் நறுக்கி எடுத்திருந்தார்கள்.

அடுத்ததிலும் இல்லை.

ஏழிலும் இல்லை.

"என்ன இருந்துச்சு?"

"எண்ணெய்க் கத்திரிக்காக் குழம்பு, அண்ணாச்சி."

"பின்பக்கம்?"

"யாரும் கேக்காத பக்கம். ஒரு மிக்ஸிக்காரர் விளம்பரத்துக்குச் சும்மா மாதிரி குடுத்தோம்."

அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"நீ வாங்குறியே, 'மஞ்சக்கிழங்கு', போன மாசப் புஸ்தகம். முப்பத்தொண்ணாம் பக்கம் இருக்கா பாரு."

மனைவியின் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"அதை அன்னைக்கே கத்திரிச்சு அடுப்படி ஆணியில மாட்டிட்டேன். ஏன், எனக்கு மிக்ஸி வாங்கிக் குடுக்கணும்னு இப்பத்தான் தோணுச்சாக்கும்?"

அவர் போனை வைத்தார்.

அடுப்படி ஆணியில் தொங்கும் மிக்ஸி விளம்பரத்தையே பார்ப்பவர்போல வெறுஞ்சுவரைப் பார்த்தார்.

பிறகு, முதல் தடவையாக, சீட்டுக்குக் கை நீட்டினார்.

சீட்டு அங்கே இல்லை. அவள் கைப்பையின் ஜிப் மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது பின் அட்டைக்குப் போட்ட விலை, அண்ணாச்சி. குழம்புக்குப் பின்பக்கம்னா வேற விலை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல சரக்கை முகர்ந்து பார்க்கும்போது மட்டும் அவருக்கு அப்படி மூக்கு விடைக்கும்.

ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர் டீக்கடைக்கு இரண்டு விரலைக் காட்டினார்.