முனாப் கேட்ட சொல்

"பின்னேரம் அசர் தொழுகையோட வாப்பாவை அடக்கப் போறம், மாமா. அதுக்கு முதல் நீங்க வந்து, அவரை மன்னிச்சுப் பொருந்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லோணும்."

இல்ஹாம் வாசலில் நின்றபடியே கேட்டான். விடியற்காலையிலிருந்து அழுத கண்கள். கதிரையில் இருந்த பாயிஸ் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊன்றுகோலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

இல்ஹாமின் வாப்பா முனாப், திருகோணமலை உதைபந்தாட்டத்துக்கு ஒரு காலத்தில் ராசா. அவர் ஆடும் நாளில் துறைமுகத்தில் பாதி வேலை நின்றுவிடும். கோயில் ஐயரும் பள்ளி லெப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். ஒரே ஆட்டத்தில் அவரிடம் நாலு கோல் வாங்கிய சின்னராசா, இன்று முனாபின் மையித்துக் கிடந்த வீட்டுப் படலையில் நின்று, அதையே பெருமையாகச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

அந்த ராசா இருபத்திரண்டு வயதோடு பந்தை விட்டுவிட்டார். காரணம் பாயிஸின் இடது கால்.

அது ஓர் அரையிறுதி ஆட்டம். பந்தோடு வந்த முனாபைத் தடுக்கப் போன பாயிஸ், காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து புரண்டார். நடுவர் முனாபுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். மறுநாள் பின்னேரம் முனாப் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, பாயிஸின் கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கி, கட்டுப்போட்டுக் கிடந்தது. கட்டிலடியில் இருந்து முனாப் குழந்தைப் பிள்ளைபோல அழுததை வார்டே பார்த்தது.

குசினியிலிருந்து பாயிஸின் மனைவி அசனா வந்தாள். அந்தக் காலோடுதான் அவரை அவள் கலியாணம் முடித்தாள்.

"முப்பது வருசமா இந்த மனிசன் நொண்டுது. ஒரு நல்ல தொழிலுக்குப் போக ஏலாமப் போச்சு. வாப்பா மவுத்தானவுடன எல்லாம் சரியாகிடுமோ, மகன்?"

"சரியாகாது, மாமி. அது வாப்பாவுக்கும் தெரியும். தேசிய அணிக்கு வரச்சொல்லிக் கொழும்பில இருந்து கடிதம் வந்தும் அவர் போகல்ல. ஒரு மனிசன்ட காலை முறிச்ச காலால இனிப் பந்து அடிக்க ஏலாது எண்டு சொல்லிட்டார். சைக்கிள்ல பெட்டி கட்டி மீன் வித்தார். ஒவ்வொரு வெள்ளியும் இஞ்ச வந்தாரா இல்லையா?"

"வந்தார்தான்," என்றாள் அசனா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நல்ல மீனாப் பாத்துத்தான் கொண்டுவருவார். உள்ளுக்குக் கூப்பிட்டாலும் வராம படியிலயே இருப்பார்."

"போகக்குள்ள ஒரே கேள்விதான் கேப்பார். பாயிஸ், என்னைப் பொருந்திட்டியா எண்டு. மாமா ஒருநாளும் வாய் திறக்கல்ல. ஆஸ்பத்திரியில வாப்பா கடைசியாக் கதைச்சதும் அதுதான். பாயிஸ் இன்னும் சொல்லல்லையே எண்டார்."

இல்ஹாம் படியில் உட்கார்ந்துவிட்டான். தீங்கு செய்யப்பட்டவன் மன்னிக்காவிட்டால் அந்தக் கணக்கு கபுருக்குள்ளும் தொடரும் என்று சிறுவயது முதல் படித்தவன் அவன். அந்தப் பயத்தோடு வாப்பாவை எப்படி மண்ணுக்குள் வைப்பது?

"நீ போ, மகன்," என்றார் பாயிஸ்.

கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் அவரைத் திட்டியது. திட்டாமல் வேறு என்ன செய்யும்? முப்பது வருடம் ஒரு மனிதன் படியில் வந்திருந்து கெஞ்சுகிறான், இவருக்கு ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை.

இல்ஹாம் போன பிறகு, அசனாதான் அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையையும் தொப்பியையும் எடுத்துத் தந்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் பொருந்திட்டன். இனியும் ஏன் இதைச் சுமக்கோணும்?"

பாயிஸ் எழுந்து ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டார்.

பள்ளிவாசல் நிறைந்து, சனம் தெருவரைக்கும் நின்றது. ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழக்கப்படி இல்ஹாம் எழுந்து நின்றான்.

"என்ட வாப்பா உங்கள்ல ஆருக்காவது ஏதும் பிழை செய்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

"பொருந்திட்டம்," என்றது சனம்.

எல்லாக் கண்களும் பாயிஸ் இருந்த கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தன.

பாயிஸ் ஊன்றுகோலோடு மெல்ல முன்னுக்கு வந்தார். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். யாரோ ஒரு பெரியவர், "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். இல்ஹாம் இரண்டு கைகளாலும் பாயிஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பாயிஸ் கையை விடுவித்துக்கொண்டு, முனாபின் உடலிருந்த சந்தூக்கின் அருகில் போய் நின்றார்.

"நான் பொருந்திறதுக்கு ஒண்டுமில்ல," என்றார். "அண்டைக்கு இவன்ட கால் என்னில படவேயில்ல. இவனை மைதானத்தால வெளியேத்தத்தான் விழுந்து நடிச்சனான். என்ட கால் நொறுங்கினது மறுநாள் காலம்பற, தனிய வள்ளம் கட்டப் போய், ஜெட்டிச் சுவருக்கும் வள்ளத்துக்கும் இடையில. பொருத்தம் கேக்கவேண்டியவன் நான். இனி ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"