நிழல் விழாத படம்

கதிரையில் அசனார், பாயில் மகன் றிஸ்வி, கதவோரம் ஹவ்வா உம்மா இருந்தார்கள்.

“சந்திரனில இறங்கின படமெல்லாம் கள்ளம் வாப்பா. நிழலெல்லாம் கோணல்மாணலா விழுது,” என்றான் றிஸ்வி.

“மேடுபள்ளத்தில அப்படித்தான் விழும். நிழலே இல்லாட்டித்தான்டா கள்ளம்!”

கட்டாரிலிருக்கும் மூத்தவன் இஷாம் அனுப்பியதென்று றிஸ்வி கொடுத்திருந்த பெருநாள் படத்தை ஹவ்வா உம்மா எடுத்துப் பார்த்தார்.

“பக்கத்தில நிக்கிறவனுக்கு நிழல் இருக்கு. நம்மட இஷாமுக்கு இல்லயே மகன்?”

அசனார் தலைகுனிந்தார். றிஸ்வி அழுதான்.

“அந்தப் படத்த நான்தான் போன்ல ஒட்டிச் செய்தன் உம்மா. இஷாம் காக்கா மௌத்தாகி ஏழு மாசம். அங்கயே அடக்கிட்டாங்க. உங்கட நெஞ்சு தாங்காதெண்டு மறைச்சம்.”

வெள்ளிதோறும் இஷாமுக்குக் கடிதம் எழுதி றிஸ்வியிடம் கொடுக்கும் ஹவ்வா உம்மா, இன்று அவனுடைய கம்பனிக்கு எழுதினார்: “என் மகனை அடக்கிய கபுறைப் படமெடுத்து அனுப்புங்கள். நிழல் விழும் நேரத்தில் எடுங்கள்.”

உறையை ஒட்டி நீட்டினார்.

“இதையாவது தபால்ல போடு மகன்.”

றிஸ்வி சைக்கிளை எடுத்தான்.