கேக்குக்கு மட்டும் அல்ல

“வேண்டாம், ஃபாரிஸ்” என்றாள் சிக்னே, இரண்டாவது முறையாக.

கல்யாணம் பண்ணிக்கொள்வோமா என்று நான் கேட்டதற்கு வந்த பதில் அது. முதல் முறை கேட்டபோது, “சேச்சே, உனக்கு எதுக்கு வீண் சிரமம்” என்றிருந்தாள்.

ஏரிக்கரையில் எங்கள் கூடாரம். அடுப்பில் காப்பி. அக்டோபர் மாதத்துக் காலைக் குளிர்.

நான் டெட்ராய்ட் பக்கம் கம்பளம் விற்கிற வீட்டில் வளர்ந்தவன். வந்தவர் இரண்டு முறை வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டால், அப்புறம் வாயைத் திறக்கக்கூடாது. கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நடக்க வேண்டும், மெதுவாக. அவர்களாகவே கூப்பிடுவார்கள். கூப்பிடாதவர் வாங்க வந்தவரே இல்லை.

ஆகவே என் படுக்கையைச் சுருட்டிப் பையில் திணித்து முதுகில் மாட்டினேன்.

“அப்ப நான் கிளம்பறேன். கடையைத் திறக்கணும்.”

“பார்த்துப் போ. பாலத்துக்கிட்ட வழுக்கும்.”

அந்தக் காட்டுப் பாதையில் விழுகிற மரங்களை அறுத்து அகற்றுவது அவள் வேலை. வழுக்குகிற இடமெல்லாம் மனப்பாடம்.

நடந்தேன். அப்பா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார், அவ்வளவு மெதுவாக. ஓரிடத்தில் நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது.

ஏரி கரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை.

பாலத்தைத் தாண்டியும் அவள் கூப்பிடவில்லை. அவளுக்காகத்தான் இந்தச் சின்ன ஊரிலேயே தங்கி, கூடாரமும் பூட்ஸும் விற்கிறேன். அவள் இல்லையென்றால் இங்கே எனக்கு என்ன வேலை? கடையை யார் தலையில் கட்டலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வழியில் ஆர்வித் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார். சிக்னேயோடு மரம் அறுக்கிறவர். பக்கத்தில் ரம்பம், மடியில் டப்பா, டப்பாவில் எலுமிச்சை கேக்.

“ஒரு துண்டு எடுத்துக்கோப்பா.”

“ஐயோ வேணாங்க. இப்பத்தான் சாப்பிட்டேன்.”

“சும்மா, சின்னத் துண்டு.”

“உங்களுக்கே பத்தாது. நீங்க சாப்பிடுங்க.”

“எடுத்துக்கப்பா. இல்லன்னா அணில்தான் திங்கும்.”

“சரி, இவ்வளவு சொல்றீங்க...”

பாதிக் கேக் வாய்க்குள் போயிருந்தது. மெல்லுவதை நிறுத்தினேன்.

இந்த ஊரில் யாரும் எதையும் மூன்றாவது தடவைக்கு முன்னால் வாங்கமாட்டார்கள். முதல் தடவையே கையை நீட்டுகிறவன் காணாததைக் கண்டவன். இரண்டு தடவையோடு கேட்பதை நிறுத்திக்கொள்கிறவன் ஒப்புக்குக் கேட்டவன். வந்த புதிதிலேயே எனக்கு இது பிடிபட்டுவிட்டது. என்ன, கேக்குக்கும் காப்பிக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

“என்னப்பா, ரொம்பப் புளிக்குதா?” என்றார் ஆர்வித்.

பையை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினேன். பாலத்துக்கிட்ட நன்றாகவே வழுக்கியது.

சிக்னே அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கூடாரத்தைப் பிரிக்கவில்லை. முழங்கால் சேறும் மேல்மூச்சுமாக மூன்றாவது தடவை கேட்டேன்.

அவள் ஏரியைப் பார்த்தாள்.

“சரி, நீ இவ்வளவு தூரம் சொல்றே...”

இந்த ஊரில் இதைவிடப் பெரிய சம்மதம் கிடையாது.

அப்போதுதான் பையில் ஒளித்து வைத்திருந்த மோதிரம் ஞாபகம் வந்தது. முதுகைத் தடவினேன். பைதான் ஆர்வித்திடம் இருக்கிறதே.

“பையில தேடாதே” என்றாள். “நேத்து கால் விறைக்குதுன்னு உன் காலுறையை எடுத்து மாட்டினேன். உள்ள ஏதோ குத்துச்சு.”

இடது கையின் கம்பளிக் கையுறையைக் கழற்றினாள்.

காலையில் நான் முதல் தடவை கேட்கும்போதே அது அவள் விரலில்தான் இருந்திருக்கிறது.