அறுபத்திரண்டாவது வீடு

"உங்க மனைவி என்ன வேலை பார்க்கிறாங்க?"

கணக்கெடுக்க வந்தவள் படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்தாள். எந்த வீடானாலும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

"வேலையா? சும்மா வீட்லதான் இருக்கா. எழுதிக்கோம்மா" என்றார் வீட்டுக்காரர், கால்மேல் கால் போட்டபடி.

உள்ளறையில் மூன்று தையல் இயந்திரங்கள் கடகடத்தன.

"அந்தச் சத்தம்?"

"பொழுது போகாம பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறா. கூட ரெண்டு பேர், சம்பளத்துக்கு."

"சம்பளம் குடுக்கிறவங்க சும்மா இருக்கிறவங்களா? இந்தக் கணக்கை வெச்சுத்தான் தொழில் கடன் திட்டமே போடுவாங்க. சும்மான்னு எழுதினா இவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"எல்லா வீட்லயும் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க?"

"அறுபத்தொரு வீட்லயும் சொன்னாங்க. அதான் எரிச்சலா இருக்கு. சரி, பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. காலேஜ் படிச்சதுல வாய்தான் நீண்டுபோச்சு."

"யார் படிக்க வெச்சாங்க?"

அவர் கால் தானாகக் கீழே இறங்கியது. உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"சரி, முதலாளின்னே போட்டுக்கோ" என்று முனகினார்.

அவள் அழுத்தி எழுதினாள்.

"கணக்கெடுக்க வீடு தேர்ந்தெடுத்த குலுக்கல்ல நம்ம வீடும் விழுந்தது நல்லதாப் போச்சுப்பா" என்றவள், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"முதலாளியம்மா, கொஞ்சம் வெளியே வாங்க! அப்பா உங்களைப் பத்தி என்ன சொன்னார்னு நீங்களே கேளுங்க!"