பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பதால் வேதமாணிக்கம் புத்தகம் போட்டார். ஜெயித்த இருபது வழக்குகள், கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள். அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு விசிட்டிங் கார்டுக்குப் பதிலாக ஒரு பிரதி. ஆறே மாதத்தில் ஐந்நூறு பிரதிகள் போய்விட்டன. கட்சிக்காரர்கள் பெருகினார்கள்.

ஒருநாள் காலை அந்தப் புத்தகத்தோடு ஓர் அம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்தாள். மனைவியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒருவனுக்கு அவர் விடுதலை வாங்கித் தந்த கதை அது.

"செத்துப்போனது என் பொண்ணு சார். இதுல மாலதின்னு போட்டிருக்கீங்க."

"பேரை மாத்தித்தானேம்மா போட்டிருக்கேன். சட்டப்படி தப்பில்லையே."

"தப்புன்னு சொல்லலை. தினம் விளக்கு வெச்சதும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அடுப்படி வாசல்ல வந்து நிப்பா. இந்தப் புத்தகம் வந்ததுலேர்ந்து எத்தனை தரம் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறா. நேத்து மனசு கேக்காம மாலதின்னு கூப்பிட்டேன். வந்துட்டா."

மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டது. அவள் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒண்ணுலயாவது உங்க கையால அவ பேரைத் திருத்திக் குடுங்க."

அவர் மாலதி என்பதை அடித்துவிட்டு, அந்த அம்மாளே பெயரைச் சொல்வாள் என்று பேனாவோடு காத்திருந்தார். மூன்று வருடம் கோர்ட்டில் அவர் வாயாலேயே சொல்லிக் கேட்ட பெயர்தானே என்று அவளும் பேசாமல் காத்திருந்தாள்.